நோயாளியின் படுக்கையருகே யார் பொறுப்பு? பெங்களூரு எழுப்பும் கேள்வி

புது தில்லி: நோயாளிகளின் பாதுகாப்புக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்தின் காலம் 2025-ஆம் ஆண்டுடன் முடிவடைந்துவிட்டது. மருத்துவமனைகளில் நேரும் தவறுகளைப் பதிவு செய்ய நாடு தழுவிய ஏற்பாடு, போதிய எண்ணிக்கையில் பயிற்சி பெற்ற பணியாளர்கள், தொற்றுத் தடுப்பு என அது பட்டியலிட்ட இலக்குகள் பல. அவற்றில் எத்தனை, நோயாளி படுத்திருக்கும் கட்டில் வரை வந்து சேர்ந்தன என்பதை அறிய, தில்லியில் உள்ள கோப்புகளைவிட பெங்களூரின் வார்டுகளே பொருத்தமான இடம்.

நாட்டின் மருத்துவத் தலைநகரங்களுள் ஒன்று பெங்களூரு. 1900-ஆம் ஆண்டு கர்சன் பிரபு திறந்துவைத்த விக்டோரியா மருத்துவமனை முதல், ஒசூர் சாலையில் உள்ள நாராயணா ஹிருதயாலயா வரை அரசும் தனியாரும் அங்கு உருவாக்கிய மருத்துவக் கட்டமைப்பு பெரியது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருந்து இதயம், சிறுநீரகம், புற்றுநோய் சிகிச்சைக்காகப் பேருந்து ஏறும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதுவே பெரிய நம்பிக்கை. நாட்டிலேயே செவிலியர் கல்லூரிகள் அதிகம் உள்ள மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று. கேரளத்தில் இருந்தும் வடகிழக்கு மாநிலங்களில் இருந்தும் மாணவிகள் பயில வருவது பெங்களூருக்குத்தான்.

இவ்வளவும் இருந்தும், அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த நோயாளியை இரவு 2 மணிக்கு யார் கவனிக்கிறார் என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லை. பெரும்பாலான இடங்களில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ, மகனோ, தாயோதான் அந்தப் பதில்.

மூன்று நிகழ்வுகள்

கர்நாடகத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்த மூன்று நிகழ்வுகள் இந்தப் பிரச்னையின் வெவ்வேறு முகங்களைக் காட்டுகின்றன.

முதலாவது, பெங்களூரு மின்டோ அரசு கண் மருத்துவமனையில் 2019 ஜூலையில் நடந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர் தொற்றுக்கு ஆளாகி, சிலர் பார்வையை இழந்தனர். அறுவைச் சிகிச்சையில் பயன்படுத்தப்பட்ட மருந்தின் மீது சந்தேகம் எழுந்தது. நியாயம் கேட்டு அதே ஆண்டு நவம்பரில் மருத்துவமனைக்கு வந்த கன்னட அமைப்பினர், இளநிலை டாக்டர்களைத் தாக்கியதாகப் புகார் எழுந்தது. டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நான்கு மாதங்கள் ஆன பிறகும், பாதிக்கப்பட்டோரின் கோபத்துக்குச் சட்டப்படியான வாசல் ஒன்றும் திறக்கவில்லை என்பதைத்தான் அந்த மோதல் காட்டியது.

இரண்டாவது, பெங்களூரில் இருந்து 70 கி.மீ. தொலைவில் உள்ள துமகூரில் 2022 நவம்பரில் நடந்தது. இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த தமிழ்ப் பெண் ஒருவர், தாய் அட்டையும் ஆதாரும் இல்லை என்பதற்காக மாவட்ட அரசு மருத்துவமனையில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. வீட்டிலேயே பிரசவம் நிகழ்ந்து, தாயும் இரு சிசுக்களும் உயிரிழந்தனர். பணியில் இருந்த டாக்டரும் செவிலியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

மூன்றாவது, 2024 நவம்பரில் பெல்லாரியில் நடந்தது. அரசு மருத்துவமனையில் சிசேரியன் மூலம் குழந்தை பெற்ற தாய்மார்கள் ஐந்து பேர், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட சிக்கல்களால் அடுத்தடுத்து இறந்தனர். நரம்பு வழியே செலுத்தப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் தரம் கேள்விக்குள்ளானது. அதைத் தயாரித்த மேற்கு வங்க நிறுவனத்தின் திரவத்தைப் பயன்படுத்த மாநில அரசு தடை விதித்தது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாநில ஆய்வகங்களில் தேறாத மாதிரிகள் மத்திய ஆய்வகத்தில் தரமானவை எனச் சான்று பெற்றிருந்த விவரமும் அப்போது வெளிவந்தது.

பெல்லாரிக்குப் பிறகு கர்நாடக அரசு பிரசவகால மரணங்களைத் தணிக்கை செய்தது. 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நிகழ்ந்த 464 மரணங்களை ஆராய்ந்த அந்தத் தணிக்கை, அவற்றில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தவிர்த்திருக்கக் கூடியவை என்ற முடிவுக்கு வந்தது.

மூன்று நிகழ்வுகளிலும் அரசின் நடவடிக்கை ஒரே வரிசையில் அமைந்தது: முதலில் பணியிடை நீக்கம் அல்லது தடை; அடுத்து விசாரணைக் குழு; பிறகு இழப்பீடு. அடுத்த நோயாளியின் கட்டிலருகே நிரந்தரமாக என்ன மாறியது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனது.

கட்டணம் குறித்த போராட்டம்

மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் முயற்சி கர்நாடகத்துக்குப் புதிதல்ல. 1976-ஆம் ஆண்டிலேயே தனியார் மருத்துவ இல்லங்களுக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் அது. அதற்கு மாற்றாக 2007-இல் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி விக்ரம்ஜித் சென் தலைமையிலான குழுவின் ஆலோசனைக்குப் பிறகு, 2017-இல் அதைத் திருத்த சித்தராமையா அரசு முற்பட்டது. அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் கே.ஆர்.ரமேஷ் குமார் அதில் உறுதியாக இருந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் நடந்ததை மாநிலம் மறக்கவில்லை. பெலகாவியில் சட்டப்பேரவை கூடியிருந்த நேரத்தில் தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, புறநோயாளிப் பிரிவுகள் மூடப்பட்டன. அரசு மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதியது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் சட்டம் நிறைவேறியது. ஆனால், கட்டண நிர்ணயம் அரசுத் திட்டங்களின் கீழ் சிகிச்சை பெறுவோருக்கு மட்டும் எனச் சுருங்கியது.

அந்தப் போராட்டம் முழுவதும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே நடந்தது: கட்டண உச்சவரம்பு, டாக்டர்களுக்குச் சிறைத் தண்டனை. நோயாளிக்கான உரிமைப் பட்டியலும் புகார்களைக் கேட்க மாவட்ட அளவிலான அமைப்பும் சட்டத்தில் இடம்பெற்றன என்பது உண்மை. நிலுவைத் தொகைக்காகச் சடலத்தைத் தர மறுக்கக் கூடாது, அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்ற விதிகளும் நல்லவையே. ஆனால், இவை அனைத்தும் மருத்துவமனையின் பணம் கட்டும் இடத்துக்கான விதிகள். வார்டுக்குள் நடப்பதைப் பற்றி ஆளுங்கட்சியும் பேசவில்லை, எதிர்க்கட்சியும் பேசவில்லை, வீதியில் இறங்கிய டாக்டர்களும் பேசவில்லை.

பதிவு செய்யும்போது பணியாளர் விவரம் கேட்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் வார்டில் இருக்கிறார்களா என்பதே நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கும் விஷயம். அதைத் தினமும் அறிந்துகொள்ளும் வழி நோயாளிக்கு இல்லை.

எண்ணிக்கை சொல்லும் கதை

கட்டிலருகே நடக்கும் பராமரிப்பு என்பது கனிவான வார்த்தை மட்டுமல்ல. குறித்த நேரத்தில் செய்யப்பட வேண்டிய வேலைகளின் வரிசை அது. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர் அளவு ஆகியவற்றைப் பார்த்து எழுத வேண்டும். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப் புண் வரும். மருந்து கொடுக்கும் முன் ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது விவரங்களை விடுபடாமல் ஒப்படைக்க வேண்டும். வார்டில் திடீரென நேர்ந்ததாகச் சொல்லப்படும் மரணங்கள் பலவற்றில், பல மணி நேரத்துக்கு முன்பே உடல் எச்சரிக்கை கொடுத்திருக்கும். அதைக் கவனிக்க ஆள் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த நெறிப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும், பிற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவரும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவரும் ஒவ்வொரு ஷிப்டிலும் தேவை. விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதலாக வேண்டும். 30 கட்டில்கள் கொண்ட சாதாரண வார்டு ஒன்றைக் கணக்கிட்டால், ஒரு ஷிப்டுக்கு 6 பேர், மூன்று ஷிப்டுகளுக்கு 18 பேர், விடுப்புக்கான கூடுதலையும் சேர்த்தால் சுமார் 24 பேர். இத்தனை செவிலியர்களை ஒரே வார்டில் கண்டவர்கள் அரிது. நெறி என்பது பரிந்துரையாகவே இருப்பதால், மீறினாலும் கேட்பாரில்லை.

பயிற்சி பெற்றவர்களுக்குப் பஞ்சம் என்று சொல்லவும் இயலாது. 2022-இல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த தகவலின்படி, நாட்டில் பதிவு பெற்ற செவிலியப் பணியாளர்கள் 33 லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பலர் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றுவிட்டனர். பலர் தொழிலையே விட்டனர். காரணம் ஊதியம்.

2011-12-இல் கேரளம், தில்லி, மும்பை எனப் பரவிய செவிலியர் போராட்டத்தைத் தொடர்ந்து, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் அளித்த உத்தரவின்படி அமைந்த மத்தியக் குழு தெளிவான அளவுகோலைத் தந்தது. 200 கட்டில்களுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 50 கட்டில்களுக்குக் குறைவானவையும் மாதம் ரூ.20 ஆயிரத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. அதை நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. 2018 ஏப்ரலில் கேரளம் ரூ.20 ஆயிரம் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. மற்ற மாநிலங்களில் அந்த வேகம் இல்லை.

பாதுகாப்புக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு ஊகம் அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியர் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவைச் சிகிச்சை பெற்றோர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாகக் கண்டது. கலிபோர்னியா 1999-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் இந்த விகிதத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் 27 அரசு மருத்துவமனைகளில் அவ்வாறே செய்தது. அங்கு கூடுதல் செவிலியர்களுக்கான செலவைப்போல இரு மடங்குக்கும் அதிகமான தொகை, நோயாளிகள் விரைவில் வீடு திரும்பியதாலும் மீண்டும் அனுமதிக்கப்படுவது குறைந்ததாலும் மிச்சமானதாக 2021-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கணக்கில் வராத உழைப்பு

இந்திய மருத்துவமனைகள் செவிலியர் பற்றாக்குறையோடு இயங்க முடிவதற்குக் காரணம், நோயாளியுடன் தங்கும் உறவினரின் உழைப்பு. மருந்து வாங்கி வருவதும், ரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துச் செல்வதும், டிரிப்ஸ் பாட்டில் தீரும்போது ஓடிச்சென்று செவிலியரை அழைப்பதும், கழிப்பறைக்குத் தாங்கிச் செல்வதும் அவர்தான். பெங்களூருக்கு வரும் தமிழ்க் குடும்பத்துக்கு மொழிப் பிரச்னையும் சேர்கிறது. வீடு திரும்பும்போது கையில் தரப்படும் சீட்டில் உள்ள ஆங்கிலமும், வாய்மொழியாகச் சொல்லப்படும் கன்னடமும் புரியாமல் ஊர் திரும்புவோர் உண்டு.

ஆனால், மருத்துவமனையின் பார்வையில் இதே உறவினர் நெரிசலுக்குக் காரணம். சில நேரங்களில் அச்சுறுத்தல். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் 2024 ஆகஸ்டில் பயிற்சி டாக்டர் கொல்லப்பட்டதை அடுத்து, உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு அமைத்தது. டாக்டர்களின் பாதுகாப்புக்காக, வார்டுகளில் பார்வையாளர்களைக் கட்டுப்படுத்தும் கோரிக்கை வலுத்தது. அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால், உறவினரை வெளியே அனுப்பினால் அவர் செய்துவந்த வேலையை யார் செய்வது என்பதற்கும் சேர்த்தே விடை காண வேண்டும்.

இதற்கு ஒரு விடை கர்நாடகத்திலேயே கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், நாராயணா மருத்துவமனைக் குழுமத்துடன் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினர். வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களின் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்பதுதான் யோசனை. செவிலியர்களே வார்டில் உறவினர்களைக் கூட்டி, கை கழுவும் முறை, தையல் போட்ட இடத்தைப் பராமரிப்பது, நாடி பார்ப்பது, மருந்து நேரம், எந்த அறிகுறி தென்பட்டால் உடனே திரும்பி வர வேண்டும் ஆகியவற்றைப் படங்கள் மூலமாகவும் செய்துகாட்டியும் கற்றுத்தந்தனர். 2014-இல் 'நூரா ஹெல்த்' என்ற தொண்டு நிறுவனமாக உருப்பெற்ற இந்த முயற்சி, பின்னர் கர்நாடகம், பஞ்சாப், மத்தியப் பிரதேச மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது.

குடும்பத்தைச் சிகிச்சையில் பங்காளியாக்குவது இந்திய மருத்துவத்துக்கு அந்நியமானதல்ல. 1950-களில் அமிருதசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்துப் பயிற்சி அளித்தார். வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூரு நிமான்ஸும் குடும்பத்தாருடன் தங்கிச் சிகிச்சை பெறும் முறையை வளர்த்தெடுத்தன.

இருப்பினும் ஓர் எல்லை உண்டு. பயிற்சி பெற்ற உறவினர் வீட்டில் நோயாளியைக் காக்க உதவுவார். வார்டில் செவிலியரின் இடத்தை நிரப்ப முடியாது. ரத்த அழுத்தம் இறங்குவதை அவர் கவனித்தாலும், அடுத்து செய்ய வேண்டியதைச் செய்ய அவருக்கு அதிகாரமும் இல்லை, அறிவும் இல்லை. செவிலியர் நியமனத்தைத் தவிர்ப்பதற்கான சாக்காக இத்திட்டம் மாறினால், அது கண்ட பலனும் கெட்டுவிடும்.

சான்றிதழ் போதுமா?

மத்திய அரசிடம் அதிகாரம் இல்லை என்று கூறிவிட முடியாது. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், பணம் கொடுக்கும் கை தில்லியுடையது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். வாரியம் இந்தியத் தர கவுன்சிலின் அங்கம். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில், இந்தச் சான்று பெற்ற மருத்துவமனைகளுக்குப் பெறாதவற்றைவிட அதிகக் கட்டணம் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கென 2013-இல் தேசியத் தர நெறிகளும், பிரசவ அறைகளுக்கென 2017-இல் 'லக்ஷ்யா' திட்டமும் வந்தன.

சான்றிதழால் பயன் உண்டு. கீழே விழும் அபாயம், படுக்கைப் புண், மருந்துத் தவறு ஆகியவற்றை எழுதிவைக்கும் பழக்கத்தை அது ஏற்படுத்தியது. ஆனால், ஆய்வாளர் வரும் நாளில் வார்டு எப்படி இருக்கிறது என்பதும், மற்ற நாள்களில் எப்படி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

பிரிட்டனின் அனுபவம் இங்கு பாடமாகும். ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை, நோயாளிகள் குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தது பின்னர் அம்பலமானது. நிதி இலக்குகளை எட்டவும் உயர்நிலைத் தகுதி பெறவும் நிர்வாகம் ஆளைக் குறைத்திருந்தது. அந்தத் தகுதியும் 2008-இல் கிடைத்தது. உறவினர்கள் விடாமல் போராடியதால் விசாரணை நடந்து, 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் அறிக்கை வெளியானது. காகிதத்தில் தேறிய மருத்துவமனை கட்டிலருகே தோற்றதை முதலில் சொன்னவர்கள் உறவினர்களே.

இந்தியாவில் அப்படிச் சொல்வதற்கான இடமே இல்லை. மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 2010 முதல் தேசியத் திட்டம் இயங்குகிறது. ஆனால், தவறான ஊசி, கவனிக்கப்படாத காய்ச்சல், கட்டிலில் இருந்து விழுந்த முதியவர் என வார்டில் நேரும் பிழைகளை நாடு முழுவதும் திரட்டிப் பாடம் கற்கும் பொதுவான, கட்டாயமான ஏற்பாடு உருவாகவில்லை. தவறை ஒப்புக்கொண்டால் பணியிடை நீக்கம் அல்லது தாக்குதல் என்ற நிலையில், தாமாக முன்வந்து சொல்லும் துணிவு எந்தச் செவிலியருக்கு வரும்?

செய்ய வேண்டியவை

மாற்றங்கள் சில உடனே சாத்தியமானவை. கர்நாடகம் தனது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளின் மூலமே, ஒவ்வொரு வார்டின் வாசலிலும் அந்த ஷிப்டின் நோயாளிகள் எண்ணிக்கையையும் செவிலியர் எண்ணிக்கையையும் கன்னடத்திலும் பிற மொழிகளிலும் எழுதிவைக்கச் சொல்லலாம். இதற்குப் பெரும் செலவு இல்லை. கட்டண நிர்ணயத்துக்கு எழுந்த எதிர்ப்பு இதற்கு எழவும் நியாயம் இல்லை. இதே விதி அரசு மருத்துவமனைகளுக்கும் பொருந்த வேண்டும். பெல்லாரியும் துமகூரும் மின்டோவும் அரசு மருத்துவமனைகளே என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்னோடி. ஆனால், தனியார் மருத்துவமனைகளுக்காக 1997-இல் இயற்றிய சட்டத்துக்கு விதிகள் வகுக்க 2018 வரை காத்திருந்த மாநிலமும் அதுவே.

மத்திய அரசின் பங்கு இரண்டு. 1947-ஆம் ஆண்டுச் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன் கவனம் கல்வியிலும் பதிவிலும் நின்றுவிடாமல், கட்டில்–செவிலியர் விகிதத்துக்குச் சட்ட வலிமை தர வேண்டும். அடுத்ததாக, காப்பீட்டுத் திட்டங்களின் கீழ் தரும் கூடுதல் கட்டணத்தை, சான்றிதழோடு நிறுத்தாமல், ஷிப்ட்வாரிச் செவிலியர் எண்ணிக்கையுடனும் பிழைகளை நேர்மையாகப் பதிவு செய்வதுடனும் இணைக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டுச் செயல்திட்டத்தின் அடுத்த பதிப்பு இந்த இரண்டையும் கொண்டிராவிட்டால், அதுவும் தில்லியின் கோப்புகளிலேயே தங்கிவிடும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், தரமான பாதுகாப்பான பராமரிப்பு ஓர் உரிமையாக இடம்பெற்றுள்ளது. சிகிச்சைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க மக்கள் பழகிவிட்டனர். இந்த வார்டில் இன்றிரவு எத்தனை செவிலியர்கள் என்று கேட்கவும், அதற்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் பெறவும் சட்டம் வழிசெய்யும் நாளில்தான் அந்த உரிமைக்கு உயிர் வரும்.